வீட்டுக்கு வரும் மார்மன் மிஷனரிகளுக்கு என்ன கொடுக்கலாம்? சாப்பிடக் கூப்பிடலாமா? (யூட்டா)

தாமிரபரணி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் லீஹை பக்கம் குடிவந்திருக்கிறோம். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டையோடு இரண்டு இரண்டு பேராக மதம் பரப்ப வரும் மார்மன் சபை மிஷனரிகள் எங்கள் தெருவுக்கும் வருகிறார்கள். ஊரிலிருந்து அம்மா வந்து தங்கியிருக்கிறார். வாசலில் யார் நின்றாலும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, குடிக்க ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் என்ன விஷயம் என்று கேட்பார். போன வாரம் வந்த இரண்டு பையன்களுக்கும் காபி போட்டு எடுத்துவந்தார். இருவரும் சிரித்த முகத்தோடு வேண்டாம் என்றார்கள். சரி, டீ போடட்டுமா என்றார். அதுவும் வேண்டாம். தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். அம்மாவுக்கு மனசே ஆறவில்லை. நம் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று நினைக்கிறார்களோ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

காபி, டீ, மது, புகையிலை கிடையாது என்ற அளவில் எனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. எது ஆகும், எது ஆகாது? சாப்பாட்டுக்குக் கூப்பிடலாமா? கூப்பிட்டால் சபையில் சேரச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்களா? வாசலோடு அனுப்பிவிட மனம் வரவில்லை, அதே சமயம் வாராவாரம் பைபிள் பாடம் கேட்கவும் எங்களுக்கு விருப்பமில்லை. இங்கே பல காலம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

சங்கரி_சாண்டி எழுதியது:

முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், அது உங்கள் வீட்டுக் காபி என்பதால் மறுத்தது இல்லை. அவர்கள் சொந்த அம்மா போட்டுக் கொடுத்தாலும் குடிக்கமாட்டார்கள். அந்த அம்மா போடவும் மாட்டார், அந்த வீட்டில் காபித்தூளே இருக்காது.

விதி சுருக்கமாக இதுதான். காபிக்கொட்டையிலிருந்து வரும் காபி, தேயிலையிலிருந்து வரும் டீ இரண்டும் ஆகாது. சூடாக இருந்தாலும் ஐஸ் போட்டிருந்தாலும் ஒன்றுதான், அதனால் ஐஸ் டீயும் கோல்ட் காபியும் தப்பிக்காது. கிரீன் டீயும் தேயிலைதான், ஆகாது. 2019இல் சபையின் இளைஞர் பத்திரிகையில் கிரீன் டீ, ஐஸ் காபி, வேப்பிங் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே எழுதிவிட்டார்கள். மது எந்த வடிவிலும் கிடையாது. புகையிலை கிடையாது.

மற்றதெல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். சூடான பால், பாதாம் பால், ஹார்லிக்ஸ், பூஸ்ட், சூடான சாக்லேட், எலுமிச்சை ஜூஸ், மோர், லஸ்ஸி, பானகம், ராகி மால்ட். என் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் குளிர்காலத்தில் ஏலக்காய் தட்டிப் போட்டு மஞ்சள் பால் கொடுப்பேன், கோடையில் ரோஸ்மில்க். இரண்டையும் ரசித்துக் குடிப்பார்கள். நம் சுக்குக் காபியைக் காபித்தூள் சேர்க்காமல், சுக்கு, மல்லி, கருப்பட்டி மட்டும் போட்டுக் காய்ச்சினால் அதுவும் ஆகும். ஆனால் பெயரைக் கேட்டதும் தயங்குவார்கள், இஞ்சிக் கஷாயம் என்று சொல்லி என்னென்ன போட்டது என்று விளக்கிவிட்டுக் கொடுங்கள்.

கோக், பெப்சி பற்றி நிறையப் பேருக்குக் குழப்பம் உண்டு. தடை காஃபீனுக்கு இல்லை. 2012இலேயே சபை அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2017 செப்டம்பரிலிருந்து புரோவோவில் இருக்கும் சபையின் பிரிகாம் யங் பல்கலைக்கழக வளாகத்திலேயே காஃபீன் உள்ள சோடா விற்கிறார்கள். காபி இல்லாத ஊரில் சோடாதான் ராஜா. கோலாவில் தேங்காய் சிரப்பும் கிரீமும் எலுமிச்சையும் கலந்து விற்கும் சோடா கடைகள் இங்கே மூலைக்கு மூலை இருக்கின்றன, காரிலிருந்து இறங்காமலே வாங்க வரிசை நிற்கும். ஸ்விக் என்ற கடை 2010இல் செயின்ட் ஜார்ஜில் ஆரம்பித்தது, இப்போது பல மாநிலங்களில் இருக்கிறது.

நேர்கோடு எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இவர்கள் வழிதவறி வந்த விருந்தாளிகள் இல்லை. ஒரு நோக்கத்தோடு, அதற்கென்று பயிற்சி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நீங்கள் பாலும் முறுக்கும் கொடுத்து உபசரித்தால், இந்த வீட்டில் கதவு திறக்கிறது என்றுதான் புரிந்துகொள்வார்கள். அடுத்த வாரமும் வருவார்கள், அவர்கள் மாற்றலாகிப் போனால் அடுத்த ஜோடி வரும். வயதான அம்மா வீட்டில் தனியாக இருக்கும் நேரத்தில் வந்தால் என்ன செய்வீர்கள்? உபசாரம் நல்லதுதான், ஆனால் நம்முடைய நம்பிக்கையை மாற்றவென்றே வருகிறவருக்கு வாசலிலேயே மரியாதையாக வேண்டாம் என்று சொல்வதுதான் நேர்மை என்பது என் கருத்து. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுப் பேச்சை மட்டும் கேட்கமாட்டேன் என்பது அவர்களுக்கும் நியாயம் இல்லை.

நொய்யல் எழுதியது:

நான் கோவைக்காரன், இந்தச் சபையின் உறுப்பினன். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது முழுப்பெயர். மார்மன் என்று சுருக்கிக் கூப்பிடுவதைக் குறைத்துக்கொள்ளும்படி அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் 2018இல் கேட்டுக்கொண்டார். இழையில் எல்லோருக்கும் புரிய வேண்டும் என்பதால் நானும் இங்கே மார்மன் என்றே எழுதுகிறேன். நானும் மிஷனரியாக ஊழியம் செய்தவன், ஆந்திராவில்.

நேர்கோடு கேட்டது நியாயமான கேள்வி. பயிற்சி பெற்றுத்தான் போகிறோம், நாங்கள் நம்புவதை அடுத்தவருக்குச் சொல்லத்தான் போகிறோம், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் சாப்பாடு போட்டவர் எல்லாம் ஞானஸ்நானத்துக்குச் சம்மதித்தவர் என்று எந்த மிஷனரியும் நினைப்பதில்லை. தெளிவாகச் சொல்லிவிட்டால் போதும். "எங்களுக்கு எங்கள் சாமி இருக்கிறது, மதம் பற்றிப் பேச வேண்டாம், சாப்பிட மட்டும் வாருங்கள்" என்று சொன்ன வீடுகளில் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறேன். இழுத்துக்கொண்டே போவதுதான் இரண்டு பக்கத்துக்கும் கஷ்டம். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொன்னால் அடுத்த வாரம் நிச்சயம் வருவோம், ஏனென்றால் வரச் சொன்னதாகத்தான் நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

அம்மா தனியாக இருக்கும்போது வந்தால் என்ன என்று கேட்டீர்கள். வீட்டில் பெண் மட்டும் தனியாக இருந்தால் ஆண் மிஷனரிகள் உள்ளே வரக்கூடாது என்பது விதி. வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுவார்கள். அம்மா "உள்ளே வாங்கப்பா" என்று கூப்பிட்டும் வராமல் நின்றால் அவர் அதற்கும் வருத்தப்படக்கூடும், அதனால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பெண் மிஷனரிகளும் இரண்டு பேராக வருவார்கள், அவர்களோடு அம்மா தாராளமாக உட்கார்ந்து பேசலாம்.

டீயை மறுப்பது எவ்வளவு சங்கடம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். ஆந்திராவில் எந்த வீட்டில் கால் வைத்தாலும் இரண்டு நிமிடத்தில் டீ வந்துவிடும். அடுப்பில் பாத்திரம் ஏறும் முன்பே "அம்மா, நான் டீ காபி குடிப்பதில்லை, தண்ணீரோ மோரோ கொடுங்கள், சந்தோஷமாகக் குடிக்கிறேன்" என்று நாமே கேட்டு வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு மூத்த மிஷனரி சொல்லிக் கொடுத்தார். கேட்டு வாங்கிக் குடித்தால் வீட்டுக்காரர் முகம் வாடாது. போட்டு எடுத்துவந்த பிறகு மறுத்தால்தான் மனம் நோகும். உங்கள் வீட்டுக்கு வந்த பையன்கள் ஊருக்குப் புதியவர்களாக இருந்திருப்பார்கள், நம் வீட்டு வேகம் தெரிந்திருக்காது.

அம்மாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். அந்தப் பையன்களுக்குப் பெரும்பாலும் 18, 19 வயதுதான். பையன்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்கு ஒன்றரை வருடம், இடையில் வீட்டுக்குப் போக முடியாது. 2019 பிப்ரவரிக்கு முன்பெல்லாம் வருடத்துக்கு இரண்டே முறை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் வீட்டுக்குப் போன் பேசலாம். இப்போது வாரம் ஒருமுறை பேசலாம். சம்பளம் கிடையாது. அமெரிக்கக் குடும்பங்கள் மாதம் 400 டாலர் கட்டிக்கொண்டிருந்தார்கள், 2020 ஜூலையிலிருந்து அது 500. கைச்செலவுக்கு வருவது அளவான தொகைதான், தாங்களே சமைத்துக்கொள்ள வேண்டும், பாதி நாள் சீரியலும் நூடுல்ஸும்தான். யாராவது உட்கார வைத்துச் சூடாகச் சோறு போட்டால் அதை மறக்கவே மாட்டார்கள். நான் மறக்கவில்லை.

வேம்பு எழுதியது:

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அம்மாவுக்கு எடுத்துச் சொல்ல எளிதாக இருக்கும். ஒஹாயோ மாநிலத்தில் கர்ட்லாண்ட் என்ற ஊரில் நியூவல் விட்னி என்பவரின் கடைக்கு மேல்மாடியில் சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித் ஊழியர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வந்தவர்கள் எல்லாம் பைப் புகைப்பதும் புகையிலை மென்று தரையில் துப்புவதுமாக இருந்தார்கள். புகை மூட்டத்துக்கு நடுவே பேச வேண்டியிருந்தது, அந்தத் தரையைக் கழுவ வேண்டியவர் மனைவி எம்மா. இதையெல்லாம் பிற்பாடு சொல்லி வைத்தவர், ஜோசப்புக்குப் பின் சபைத் தலைவரான பிரிகாம் யங். 1833 பிப்ரவரி 27 அன்று வந்ததாக அவர்கள் நம்பும் வெளிப்பாடுதான் ஞான வார்த்தை. அவர்களுடைய கோட்பாடும் உடன்படிக்கைகளும் என்ற நூலில் 89ஆம் பகுதி.

அதில் காபி, டீ என்ற பெயரே இல்லை, சூடான பானங்கள் என்றுதான் இருக்கிறது. அந்தக் காலத்தில் அது காபியையும் டீயையும்தான் குறித்தது என்று ஜோசப்பின் அண்ணன் ஹைரம் ஸ்மித் 1842இல் பேசினார், அதுவே நிலைத்துவிட்டது. அதனால்தான் சூடான பாலுக்கும் சாக்லேட்டுக்கும் தடை இல்லை.

இன்னொன்று, அந்த வெளிப்பாடு கட்டளையாக வரவில்லை, அறிவுரையாகத்தான் வந்தது. யூட்டாவுக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்த முதல் தலைமுறை வண்டியில் காபியும் ஏற்றித்தான் வந்தது. செயின்ட் ஜார்ஜ் பக்கம் திராட்சை போட்டு ஒயின் எடுக்கச் சபையே ஆள் அனுப்பிய காலமும் உண்டு. பிரிகாம் யங் காலத்தில் வலியுறுத்தினார்கள், ஆனாலும் இறுக்கிப் பிடிக்கவில்லை. ஹீபர் கிராண்ட் தலைவராக இருந்தபோது, 1921இல்தான் சபையின் கோயிலுக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டுமென்றால் இதைக் கடைப்பிடித்தே ஆகவேண்டும் என்று ஆக்கினார்கள். நாடு முழுக்க மதுவிலக்கு இருந்த காலம் அது. அந்த மதுவிலக்கு 1933இல் நீங்கியபோது, நீக்குவதற்குத் தேவையான 36ஆவது மாநிலமாக ஒப்புதல் தந்தது இதே யூட்டாதான். கிராண்ட் எவ்வளவு எதிர்த்தும் அவர் சபையின் சொந்த மாநிலமே அப்படி வாக்களித்தது.

அதே வெளிப்பாட்டில் தானியம், பருவத்துக்கேற்ற பழம், கீரை எல்லாம் சாப்பிடச் சொல்லியிருக்கிறது. இறைச்சியைக் குறைவாக, குளிர்காலத்திலும் பஞ்சத்திலும் சாப்பிடு என்று இருக்கிறது. நடைமுறையில் இங்கே யாரும் அப்படி இருப்பதில்லை, மாட்டிறைச்சி இல்லாத ஞாயிற்றுக்கிழமை விருந்து அபூர்வம். கோயில் அனுமதிக்கு நடக்கும் நேர்காணலில் ஞான வார்த்தையைக் கடைப்பிடிக்கிறீர்களா என்று கேட்கிறார்கள், நடைமுறையில் அதைக் காபி, டீ, மது, புகையிலை என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள், இறைச்சியின் அளவு பற்றி யோசிப்பதில்லை. எனக்கு இது எப்போதும் வருத்தம் தரும் விஷயம். நம்மூர் சைவச் சாப்பாட்டைப் போட்டால் அவர்களுடைய வேதம் சொன்னபடியே சாப்பாடு போட்டதாக ஆகும், அதை அவர்களிடமே சொல்லலாம், மகிழ்ச்சியோடு கேட்டுக்கொள்வார்கள்.

மணற்காடு எழுதியது:

நாங்கள் டொரொண்டோவில், ஸ்கார்பரோ. இங்கே மார்மன்களையும் யெகோவாவின் சாட்சிகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். வயதானவர்களும் பிள்ளை குட்டியோடு குடும்பமாகவும் வந்து பத்திரிகை தருபவர்கள் யெகோவாவின் சாட்சிகள். அவர்கள் இரத்தம் ஏற்றிக்கொள்ளமாட்டார்கள், பிறந்தநாள் கொண்டாடமாட்டார்கள், ஆனால் தேத்தண்ணி, கோப்பி குடிப்பார்கள், அளவோடு வைனும் குடிப்பார்கள். அவர்களில் தமிழில் பேசுகிறவர்களே வருவார்கள். இளம் பிள்ளைகள் இருவர் இருவராகப் பெயர்ப்பட்டையோடு வந்தால் அது மார்மன். என் மாமி சாட்சிகளுக்குத் தேத்தண்ணி கொடுத்துப் பழகி, மார்மன் பிள்ளைகளுக்கும் அதையே நீட்டி, அவர்கள் மறுத்ததும் முகம் கறுத்துப் போனார். வித்தியாசத்தைச் சொன்ன பிறகு சரியாகிவிட்டது. இப்போது மார்மன் பிள்ளைகள் வந்தால் மல்லித் தண்ணி அவித்துக் கொடுப்பார், பனங்கட்டி கடித்துக்கொண்டு குடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

நேர்கோடு தம்பி சொன்னதற்கு ஒன்று. போர்க் காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து போன ஊர்களில், முன்பின் தெரியாதவர்கள் எங்களுக்குச் சோறு தந்தார்கள். கோயில், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாவற்றிலும் படுத்திருந்தோம். எந்தச் சாமி என்று யாரும் கேட்கவில்லை. அதனால் வாசலுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்ப எங்களுக்கு வராது. வேதம் கேட்கிறோமா இல்லையா என்பது வேறு கதை.

ஓரெம்_வாசன் எழுதியது:

சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது பற்றி நடைமுறையில் சில விஷயம் சொல்கிறேன், நாங்கள் அடிக்கடி கூப்பிடுகிற வீடு.

நாளை முன்பே பேசிவிடுங்கள். இங்கே அந்தந்த வட்டார சபையில், வார்டு என்பார்கள், உறுப்பினர்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு நாள் குறித்த பட்டியல் ஒன்று சுற்றும். யூட்டாவில் உறுப்பினர் அதிகம் என்பதால் பட்டியல் சீக்கிரம் நிரம்பிவிடும். நேரத்துக்கு வருவார்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரக்கூடாது என்பது அவர்களுக்குச் சொல்லிவைத்த அளவு. அதனால் வந்த பிறகு வெங்காயம் நறுக்க ஆரம்பிக்கும் நம் பழக்கம் சரிவராது, சமைத்துத் தயாராக வைத்திருங்கள். இரவு சீக்கிரம் அறைக்குத் திரும்ப வேண்டும், எட்டரை மணி விருந்து வேண்டாம். ஆறு மணி நல்ல நேரம்.

மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம். இரண்டு வேளை சாப்பிடாமல், தண்ணீரும் குடிக்காமல் இருந்து, அந்தச் சாப்பாட்டுக்கு ஆகும் பணத்தை ஏழைகளுக்கென்று சபையில் கொடுத்துவிடுவார்கள். ஏப்ரலிலும் அக்டோபரிலும் பொது மாநாடு வருவதால் அந்த மாதங்களில் நாள் மாறும். அன்றைக்கு மதியம் கூப்பிட்டால் அவர்களுக்குச் சங்கடம். ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலில் சாப்பிடமாட்டார்கள், கடையில் எதுவும் வாங்கவும் மாட்டார்கள், அன்று இன்னொருவரை வேலை வாங்கக்கூடாது என்ற எண்ணம். வீட்டுச் சாப்பாடு என்றால் எந்த ஞாயிறும் வருவார்கள், உபவாச ஞாயிறு தவிர.

காரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள். தோசை, உருளைக்கிழங்கு மசாலா, தேங்காய்ச் சட்னி, லெமன் சாதம், அப்பளம், பாயசம் எல்லாம் எடுபடும். ரசம் சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குக் கண்ணில் தண்ணீர் வரும். சாப்பிடும் முன் ஜெபம் செய்யலாமா என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் சரி என்போம், சாப்பாட்டைச் சமைத்தவரையும் சேர்த்து நன்றி சொல்லி நாலு வரி ஜெபிப்பார்கள். அது பிடிக்காதவர்கள் மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம், அதிலும் தவறில்லை.

காசு கொடுக்காதீர்கள், வாங்கமாட்டார்கள். வேலை கொடுங்கள். வாரத்தில் சில மணி நேரம் ஊருக்குச் சேவை செய்வது அவர்கள் அட்டவணையிலேயே உண்டு. பனி தள்ள, இலை கூட்ட, சோபா தூக்க, வீடு மாற்ற என்று எதற்குக் கூப்பிட்டாலும் வருவார்கள். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜை அடித்தளத்துக்கு இறக்கியது இரண்டு மிஷனரிகள்தான், அன்று என் மனைவி போட்ட பூரியை அவர்கள் சாப்பிட்ட அழகு இருக்கிறதே, சமைத்தவருக்கு அதைவிடச் சந்தோஷம் வேறு வேண்டாம்.

இங்கே பக்கத்தில் ஸ்பேனிஷ் ஃபோர்க்கில் ராதா கிருஷ்ணர் கோயில் இருக்கிறதல்லவா, அதைக் கட்டும்போது மார்மன் சபை 25,000 டாலர் கொடுத்தது. இப்போது ஹோலிக்கு அங்கே வந்து வண்ணம் பூசிக்கொள்ளும் கூட்டத்தில் பெரும்பகுதி மார்மன் கல்லூரிப் பிள்ளைகள்தான். அவர்கள் பக்கமிருந்தும் கை நீண்டிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

நேர்கோடு எழுதியது:

மணற்காடு அக்கா சொன்னதைப் படித்தேன், அதற்குப் பதில் பேச எனக்கு வாய் இல்லை. சோறு போடுவதை நான் தப்பென்று சொல்லவில்லை. என் கவலை பிள்ளைகள் பற்றியது. யூட்டாவில் பள்ளியில் பாதி வகுப்பு அந்தச் சபை, பக்கத்து வீடு அந்தச் சபை, வார நாளில் அவர்கள் கூட்டத்தில் விளையாட்டு, முகாம், பீட்சா. வீட்டுக்குள்ளும் அவர்களே உட்கார்ந்து அன்பாகப் பேசினால் பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளை என்ன நினைக்கும்? என் நண்பர் வீட்டில் மகள் எல்லோரையும் போல நானும் சேருகிறேன் என்று அழுதது எனக்குத் தெரியும். பெரியவர்கள் மறுத்துவிடலாம், பிள்ளைகளுக்கு அந்தப் பலம் இருக்காது.

சங்கரி_சாண்டி எழுதியது:

இது உண்மையான கவலை, நானும் இரண்டு பிள்ளைகளை இங்கேதான் வளர்த்தேன். இதைக் கதவைச் சாத்தித் தீர்க்க முடியாது, ஏனென்றால் நீங்களே சொன்ன மாதிரி பள்ளியும் தெருவும் அவர்கள்தான். 18 வயதுக்குக் கீழ் இருப்பவருக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் விதி, அது முதலில் தெரிந்திருக்கட்டும். அப்புறம், பிள்ளைகளிடம் தனியாக மதம் பேச வேண்டாம் என்று மிஷனரிகளிடம் நேருக்கு நேர் சொல்லிவிடுங்கள். நான் சொன்னேன். அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை.

என் பிள்ளைகள் சௌத் ஜோர்டன் கணேசர் கோயிலுக்கும் வந்தார்கள், தோழிகளோடு அவர்கள் நடனத்துக்கும் போனார்கள். நாம் ஏன் புரட்டாசிச் சனிக்கிழமை மாமிசம் சாப்பிடுவதில்லை என்று என் மகள் மேஜையில் மிஷனரிகளுக்கு விளக்கிச் சொன்னதைக் கேட்டபோது எனக்கு நிறைவாக இருந்தது. அவர்கள் தங்கள் உபவாசத்தைச் சொன்னார்கள், அவள் தன் விரதத்தைச் சொன்னாள். தன் வீட்டு வழக்கத்தை இன்னொருவருக்குச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அது இன்னும் ஆழமாகப் பதியும் என்று நான் நம்புகிறேன்.

நம் பக்கத்து விதிகளையும் சொல்லிவையுங்கள், அது ரொம்ப முக்கியம். அக்கம்பக்கத்து மார்மன் குடும்பங்கள் அன்பாக நிறைய உணவு கொண்டுவந்து தருவார்கள். கிறிஸ்துமஸ் சமயம் தட்டு தட்டாக வரும், வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் பெண்கள் சங்கத்திலிருந்து சாப்பாடே வந்துவிடும். சைவக்காரர்கள் இரண்டில் கவனமாக இருக்க வேண்டும். ஒன்று ஜெல்லி, யூட்டாவின் அதிகாரப்பூர்வத் தின்பண்டமாகவே 2001இல் அறிவித்தார்கள், அது ஜெலட்டினில் செய்வது, ஜெலட்டின் மாட்டுத் தோல், எலும்பு, பன்றித் தோல் இவற்றிலிருந்து வருவது. மார்ஷ்மெல்லோவும் அப்படியே. இன்னொன்று துருவிய உருளைக்கிழங்கில் சீஸும் கிரீமும் போட்டு மேலே கார்ன்ஃபிளேக்ஸ் நொறுக்கித் தூவி வேகவைக்கும் பதார்த்தம், சாவு வீட்டுக்கு எடுத்துப்போவதால் அந்தப் பெயராலேயே கூப்பிடுவார்கள். பார்த்தால் சுத்த சைவம் போலவே இருக்கும், ஆனால் அதில் பெரும்பாலும் டின்னில் வரும் சிக்கன் சூப் சேர்ப்பார்கள். முன்கூட்டியே சொன்னால் அதற்குப் பதில் காளான் சூப் போட்டுச் செய்துதருவார்கள், எனக்குச் செய்து தருகிறார்கள். காபி வேண்டாம் என்று அவர்கள் சொன்னபோது நாம் நோகக்கூடாது என்றால், ஜெல்லி வேண்டாம் என்று நாம் சொல்லும்போது அவர்களும் நோகமாட்டார்கள்.

பினாங்கு_மலர் எழுதியது:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே வீட்டுக்கு வந்தவருக்கு தே தாரிக் என்ற ஆற்றிய பால் டீ கலக்குவதுதான் வழக்கம், அந்தச் சபையின் ஆட்கள் வந்தால் மைலோ. சூடாகவோ ஐஸ் போட்டோ கலக்கிக் கொடுத்தால் பிரச்சினையே இல்லை. எல்லாக் கடையிலும் கிடைக்கும், யூட்டாவில் இந்தியக் கடையிலும் ஆசியக் கடையிலும் கிடைக்குமே.

ஒரு கேள்வி. டோங்கா தீவுக்காரர்கள் நிறையப் பேர் அந்தச் சபை என்கிறார்கள், ஆனால் அவர்கள் காவா என்ற வேர்ப் பானம் குடிக்கிறார்களே, அது மயக்கம் தருமே, அதெல்லாம் ஆகுமா?

நொய்யல் எழுதியது:

மலர் அக்கா, காவாவுக்குச் சபை அளவில் தடை இல்லை. மட்டுமீறிக் குடிக்காதீர்கள் என்று உள்ளூர்த் தலைவர்கள் சொல்வார்கள். அர்ஜென்டினா பக்கம் மாத்தே என்ற இலையை வெந்நீரில் ஊறவைத்து உறிஞ்சுவார்கள், அதில் காஃபீனும் உண்டு, அங்கே உறுப்பினர்களும் குடிக்கிறார்கள். அது தேயிலைச் செடி இல்லை என்பதுதான் காரணம். ஜப்பானில் பார்லி வறுத்துக் காய்ச்சும் தண்ணீர் குடிக்கலாம், கிரீன் டீ கூடாது. உறுதியான எல்லை என்பது காபி, தேயிலை, மது, புகையிலை, போதைப்பொருள் இவ்வளவுதான். அதைத் தாண்டிய இடங்களில் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். சில குடும்பங்கள் கோலாவைக்கூட வீட்டுக்குள் விடுவதில்லை. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே நல்ல வழி, கொடுக்கும் முன் கேட்டுவிடுவது. கேட்டால் ஒருவரும் வருத்தப்படமாட்டோம், எங்களுக்காக யோசித்தார்களே என்று மனம் குளிர்ந்துபோகும்.

தாமிரபரணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இழை முழுவதையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு வருடம் பிள்ளை வீட்டுக்கே போகாமல் இருக்கிறான் என்று நொய்யல் எழுதியதைக் கேட்டதும் அம்மா பேச்சு நின்றுவிட்டது. உடனே கூப்பிடு, சாப்பிடச் சொல்லு என்கிறார்.

தெருவில் அவர்களைப் பார்த்துப் பேசினேன். மதம் பற்றிப் பேச எங்களுக்கு விருப்பமில்லை, அம்மா சமைத்துப் போட ஆசைப்படுகிறார் என்று அப்படியே சொன்னேன். இருவருக்கும் அவ்வளவு சந்தோஷம். வரும் வியாழக்கிழமை ஆறு மணிக்கு வருகிறார்கள், நானும் வீட்டில் இருப்பேன். அம்மா இடியாப்பம், சொதி, உருளைக்கிழங்குப் பொரியல், கேசரி என்று முடிவு செய்திருக்கிறார். குடிக்கக் கருப்பட்டி போட்ட சுக்குத் தண்ணீர். இரண்டு சந்தேகம் மட்டும். கேசரிக்கு வாசனைக்கு வெனிலா எசன்ஸ் ஊற்றுவது அம்மா வழக்கம், அதில் ஆல்கஹால் இருக்கும் என்று மனைவி சொல்கிறாள். அப்புறம், சாப்பிட்ட பிறகு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்கலாமா? வந்தவருக்கு அது வைக்காமல் அனுப்பினால் அம்மாவுக்குக் குறையாக இருக்கும்.

நொய்யல் எழுதியது:

வெனிலா எசன்ஸ் பிரச்சினை இல்லை அண்ணா, அவர்கள் வீட்டுக் கேக்கிலும் அதைத்தான் ஊற்றுகிறார்கள். ரம்மில் ஊறவைத்த கிறிஸ்துமஸ் கேக், காபி போட்ட இனிப்பு இரண்டும் வேண்டாம். வெற்றிலை பாக்கைத் தவிர்த்துவிடுங்கள், பாக்கு என்றதும் போதை வஸ்து என்று பயந்துபோவார்கள், புகையிலை கலந்ததோ என்ற சந்தேகமும் வரும். அதற்குப் பதில் கிளம்பும்போது ஆளுக்கு ஒரு தேங்காயும் பழமும் அம்மா கையால் கொடுக்கட்டும், என்ன அர்த்தம் என்று சொல்லிக் கொடுங்கள். மிச்சம் இருக்கும் இடியாப்பத்தையும் சொதியையும் டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடுங்கள், மறுநாள் காலைக்கு ஆகும். டப்பாவைத் திருப்பிக் கொடுக்கக் கட்டாயம் வருவார்கள், அதனால் திரும்பி வர வேண்டாம் என்று நினைத்தால் தூக்கிப்போடும் டப்பாவாகக் கொடுங்கள்.

தாமிரபரணி எழுதியது:

அம்மா எவர்சில்வர் தூக்குவாளியை எடுத்துக் கழுவி வைத்துவிட்டார்.